எழுதினாலும் ஓடும், எழுதாவிட்டாலும் ஓடும்: ஓவர்ரைடு குறிப்பை ரிவ்யூவில் வற்புறுத்தலாமா?

வடவள்ளிக்காரி (கேள்வி)

ஜாவா நிரல்மொழியில் தாய் கிளாஸில் இருக்கும் மெத்தடை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை), அதன் வழிவந்த சேய் கிளாஸில் திருப்பி எழுதும்போது, அதன் தலைமேல் 'ஓவர்ரைடு' என்று ஓர் அனோட்டேஷன், அதாவது குறிப்பு, போடுவோம். போட்டாலும் நிரல் ஓடும். போடாவிட்டாலும் அதே வேகத்தில், அதே விடையோடு ஓடும். நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரே கேட்காத ஒன்றை, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூவில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்கலாமா? அது இல்லை என்பதற்காக ஒருவருடைய வேலையை நிறுத்தி வைக்கலாமா?

என்னிடம் இரண்டு அனுபவங்கள் இருக்கின்றன. ஒன்று 'கட்டாயம் கேள்' என்கிறது. மற்றொன்று 'வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்' என்கிறது.

நாங்கள் ஐந்து பேர். நூலகங்களுக்கான மென்பொருள்: நூல் வழங்குவது, திரும்பப் பெறுவது, தாமதக் கட்டணம் போடுவது. நிரலுக்கு வயது 12. அதில் 9 ஆண்டுகளாக நானும் கூடவே இருக்கிறேன்.

முதல் அனுபவம், நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தாமதக் கட்டணத்தைக் கணக்கிடும் தாய் கிளாஸ் எங்கள் பொது ஜார் கோப்பில் (எல்லா நூலகங்களுக்கும் பொதுவான நிரல் பொதியில்) இருக்கிறது. ஒவ்வொரு நூலகத்துக்கும் விதி வேறு என்பதால், அந்தந்த நூலகத்துக்கான சேய் கிளாஸ்கள் தனித்தனி ரெப்பாசிட்டரியில் (நிரல் களஞ்சியத்தில்) இருக்கின்றன. ஒரு நூலகத்தில் மூத்த குடிமக்களுக்குத் தாமதக் கட்டணம் கிடையாது. அங்கே 'கால்குலேட் ஃபைன்' என்ற மெத்தடைத் திருப்பி எழுதி, உறுப்பினருக்கு 60 வயது ஆகியிருந்தால் பூஜ்யத்தைத் திருப்பித் தருமாறு செய்திருந்தோம். மேலே ஓவர்ரைடு இல்லை. யார் எழுதியது என்று தேடாதீர்கள், நான்தான்.

பிறகு ஒரு நாள் பொது ஜாரில் அந்த மெத்தடுக்கு ஒரு பாராமீட்டர் (மெத்தடுக்குக் கொடுக்கும் உள்ளீடு) கூடியது. தாமதமான நாட்கள் மட்டும் போதாது, நூலின் வகையும் வேண்டும் என்றார்கள். மாற்றியவர் கவனமானவர், தன் எடிட்டரில் திறந்திருந்த எல்லா இடங்களிலும் ஒழுங்காக மாற்றினார். எங்கள் சேய் கிளாஸ் இருந்ததோ வேறு ரெப்பாசிட்டரியில். அது அவர் கண்ணில் பட வழியே இல்லை. புதிய ஜாரை எடுத்துக்கொண்டு எங்கள் பில்டு (நிரலைத் தொகுக்கும் வேலை) ஓடியது. பிழை இல்லை, எச்சரிக்கைகூட இல்லை. தாயிடம் இரண்டு பாராமீட்டர் உள்ள மெத்தட், சேயிடம் ஒரு பாராமீட்டர் உள்ள மெத்தட். பெயர் ஒன்றுதான், உறவு அறுந்துவிட்டது. மூத்தோர் சலுகை எழுதியபடியே நிரலில் உட்கார்ந்திருந்தது. அதை அழைப்பார் யாரும் இல்லை.

இப்படி 19 நாட்கள் ஓடின. 212 பேரிடம் ஐந்து ரூபாய், பன்னிரண்டு ரூபாய் என்று வசூலாகியிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 14 ரூபாய் ரசீதைக் கவுண்டரில் வைத்து, "எந்த விதியின்படி வாங்கினீர்கள், எழுதிக் கொடுங்கள்" என்று நகராமல் நின்ற பிறகுதான் விஷயம் எங்கள் காதுக்கு வந்தது. அந்த ஒரு சொல்லை நான் எழுதியிருந்தால் புதிய ஜாரோடு ஓடிய முதல் பில்டிலேயே கம்பைலர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு விதி: ஓவர்ரைடு இல்லாமல் நான் எதற்கும் ஒப்புதல் கொடுப்பதில்லை.

இரண்டாவது அனுபவம் போன வாரம். குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், மூன்று ஆண்டு அனுபவம், கெட்டிக்காரர். 38 கோப்புகளைத் தொடும் ஒரு மாற்றத்தை அனுப்பினார். நான் 31 கருத்துகள் எழுதினேன். அவர் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, மரியாதையாக ஒரு வரி எழுதியிருந்தார்: "அக்கா, 31இல் 27 ஓவர்ரைடு பற்றியது. கணக்கு சரியாக இருக்கிறதா என்று நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை."

சுருக்கென்றது. 'எவ்வளவு திமிர்' என்று நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சோதனைக் குழு அதே மாற்றத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தது. கெடு நாளன்றே நூலைத் திருப்பினாலும் ஒரு நாள் தாமதம் என்று கணக்கிட்டது அது. தேதி ஒப்பீட்டில் ஒரு நாள் பிசகு. நூலக மென்பொருளில் ஒன்பது ஆண்டு இருப்பவள் தூக்கத்தில்கூடப் பார்த்திருக்க வேண்டிய பிழை. அந்த வரிக்கு நேர் மேலேதான் என்னுடைய கருத்து இருக்கிறது: "ஓவர்ரைடு சேர்க்கவும்."

இப்போது சொல்லுங்கள். நான்கு ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருப்பது பயனுள்ள விஷயமா, அல்லது என் பழைய குற்ற உணர்ச்சிக்கு மற்றவர்களை வேலை வாங்குகிறேனா?

பழைய கம்பைலர்

குற்ற உணர்ச்சியைத் தனியாக வைத்துவிட்டு, அந்தச் சொல்லின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். ஜாவா 1.4 காலத்தில் வேலைக்கு வந்தவன் நான். அப்போது இப்படி எழுதுவதற்கு வசதியே கிடையாது. பெயரும் பாராமீட்டர்களும் தாயோடு பொருந்தினால் திருப்பி எழுதியதாகக் கணக்கு. பொருந்தாவிட்டால் அது புதிய மெத்தட். எது உங்கள் மனதில் இருந்தது என்று கம்பைலருக்குச் சொல்ல வழியில்லை, அதனால் அதுவும் கேட்பதில்லை.

எங்களை அதிகம் அடித்தது, இரண்டு பொருள்கள் சமமா என்று சொல்லும் ஈக்குவல்ஸ் மெத்தட். 'ஆப்ஜெக்ட்' என்று வாங்க வேண்டிய இடத்தில், ஆசையாகத் தன் கிளாஸின் பெயரையே பாராமீட்டராக எழுதிவிடுவோம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது ஓவர்ரைடு ஆகாது, ஓவர்லோடு, அதாவது அதே பெயரில் இன்னொரு மெத்தட். நேரடியாக அழைத்துப் பார்த்தால் சரியான விடை வரும். எதையும் ஒரு முறை மட்டுமே வைக்க வேண்டிய ஹாஷ் செட்டுக்குள் போட்டால், ஒரே பொருள் இரண்டு முறை உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு முறை எனக்கு முழு வெள்ளிக்கிழமையும் பாதிச் சனிக்கிழமையும் ஆனது.

2004இல் ஜாவா 5 வந்தபோதுதான் அனோட்டேஷன்கள் வந்தன, ஓவர்ரைடும் அவற்றில் ஒன்று. அதிலும் ஒரு கோணல். இன்டர்ஃபேஸில் (மெத்தட்களின் பெயரை மட்டும் சொல்லும் ஒப்பந்தத்தில்) இருக்கும் மெத்தடை எழுதும்போது ஓவர்ரைடு போட்டால் ஜாவா 5 கம்பைலர் பிழை என்றது. 2006இல் ஜாவா 6 வந்துதான் அது அனுமதிக்கப்பட்டது. 'இங்கே போடலாம், அங்கே போடக்கூடாது' என்ற குழப்பத்தில் 'எங்கும் வேண்டாம்' என்று கைகழுவியவர்கள் எங்கள் தலைமுறையில் நிறைய. அந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் உங்கள் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தோம், மன்னிக்கவும்.

இது விருப்பத்துக்கு விடப்பட்டதே பழைய நிரல்களைக் காப்பாற்றத்தான். 1996இல் இருந்து எழுதப்பட்டவை ஒரே நாளில் கம்பைல் ஆகாமல் போனால் யார் ஏற்றுக்கொள்வார்கள்? பின்னால் வந்தவர்களுக்கு அந்தச் சுமை இல்லை. கோட்லினிலும் ஸ்விஃப்டிலும் இந்தச் சொல் கட்டாயம். சி ஷார்ப்பில் எழுதாவிட்டால் திருப்பி எழுதியதாகவே கணக்கில் வராது, கம்பைலர் எச்சரிக்கையும் கொடுக்கும். சி++ 2011இல் விருப்பச் சொல்லாகச் சேர்த்துக்கொண்டது. டைப்ஸ்கிரிப்ட் 2021இல் 4.3 பதிப்பில் சேர்த்து, வேண்டுமானால் கட்டாயமாக்கிக்கொள்ள ஒரு சுவிட்சும் கொடுத்தது. பைத்தான்கூட 2023இல் 3.12இல் கொண்டுவந்துவிட்டது. இத்தனை மொழிக்காரர்களும் ஒரே பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறார்கள்.

செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஜாவாவில் இந்தக் குறிப்பு மூல நிரலோடு நின்றுவிடும், கிளாஸ் கோப்புக்குள் போவதே இல்லை. தவறான இடத்தில் போட்டால் கம்பைலர் கத்தும். போடாமல் விட்டால்தான் மௌனம். உங்களுடைய 212 பேரும் அந்த மௌனத்தில் மாட்டியவர்கள். கேளுங்கள், தொடர்ந்து கேளுங்கள்.

சந்தேகப் பிராணி

மூத்தவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு எதிர்க்கட்சியில் உட்காருகிறேன்.

அந்தச் சொல் நல்லதா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. கேள்வி அது அல்லவே. 38 கோப்புகள் உள்ள ஒரு மாற்றத்தைப் படிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும், ஒரு மணி? அதில் 27 முறை நின்று, ஒரே வாக்கியத்தைத் தட்டச்சு செய்தீர்கள். தேதி ஒப்பீட்டைப் பார்க்க வேண்டிய கண் அந்த இடத்துக்கு வரும்போது களைத்துப்போயிருந்தது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? விடுபட்ட அனோட்டேஷன் கண்ணுக்குத் தானாகப் படும். கணக்குப் பிழை தேடினால்தான் கிடைக்கும். எளிதானதைப் பத்து கண்டுபிடித்துவிட்டால் வேலை செய்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. அக்காவைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாவது, இது ஓவர்ரைடோடு நிற்காது. என் முந்தைய அலுவலகத்தில் அதில்தான் ஆரம்பித்தார்கள். அடுத்த மாதம் 'நல்லபிள்', 'நான்நல்' ('நல்' எனும் வெற்று மதிப்பு வரலாம், வராது என்ற குறிப்புகள்) இரண்டையும் எல்லா மெத்தடிலும் எழுத வேண்டும் என்றார்கள். ஜாவாவில் இந்த நல் குறிப்புகளின் நிலைமை தெரியுமல்லவா? பொதுத் தரமாக்குவதற்காக 2006இல் தொடங்கிய ஜேஎஸ்ஆர் 305 என்ற முன்மொழிவு முடிவடையாமலே தூங்கிப்போனது. அந்த இடைவெளியில் ஜெட்பிரெய்ன்ஸ் ஒன்று, எக்லிப்ஸ் ஒன்று, ஆண்ட்ராய்டு ஒன்று, லாம்போக் ஒன்று என்று ஆளுக்கொரு கடை போட்டார்கள். ஜேஸ்பெசிஃபை என்ற பொது முயற்சியின் 1.0 பதிப்பு வந்ததே 2024இல்தான். எங்கள் நிரலில் நான்கு வெவ்வேறு பொட்டலங்களிலிருந்து வந்த 'நான்நல்' இருந்தது, ஒரே கோப்பில் இரண்டு இருந்த இடமும் உண்டு.

அதைவிடக் கொடுமை, அவற்றைச் சரிபார்க்கும் கருவி எதையும் பில்டில் யாரும் இணைக்கவில்லை. ஜாவா கம்பைலர் தானாக அவற்றைப் பார்ப்பதும் இல்லை. ஆக, 'இது ஒருபோதும் நல் தராது' என்று மேலே எழுதிவிட்டுக் கீழே ஐந்தாவது வரியில் நல் தரும் மெத்தட் ஒன்று எங்களிடம் இருந்தது. அதை நம்பி அழைத்த இடத்தில் நான் சோதனை வைக்கவில்லை. இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி வந்தது. குறிப்பே இல்லாமல் இருந்திருந்தால் சந்தேகப்பட்டு ஒரு 'இஃப்' போட்டிருப்பேன். என் பெயர் அப்படி.

அதனால் என் நிலை இது. கம்பைலரோ கருவியோ சரிபார்க்கும் குறிப்பு என்றால் கருவியே கேட்கட்டும், மனிதர் கேட்க வேண்டாம். எதுவும் சரிபார்க்காத குறிப்பு என்றால் யாருமே கேட்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, கோபிக்க வேண்டாம். மூத்தோர் சலுகைக்கு டெஸ்ட் எங்கே போனது?

மோர்க்குழம்பு

எனக்கு ஒரு சின்ன சந்தேகம். இன்டெல்லிஜே எடிட்டரில் திருப்பி எழுதும் மெத்தடைத் தேர்ந்தெடுத்தால் அதுவே ஓவர்ரைடு போட்டுக் கொடுக்குமே? 27 இடத்தில் எப்படி விடுபட்டது?

வடவள்ளிக்காரி

மோர்க்குழம்பு, தம்பி விம் என்ற எளிய எடிட்டரைப் பயன்படுத்துகிறார். அதுவும் எந்தச் செருகுநிரலும் இல்லாமல். 'என் விரல்கள் வேகமாக ஓடும்' என்பார், உண்மைதான், ஓடுகின்றன. ஒரு கோப்பை நகலெடுத்து அடுத்ததை எழுதுகிறார். முதல் கோப்பில் இல்லாதது 27இலும் இல்லை.

சந்தேகப் பிராணி, கோபம் இல்லை. டெஸ்ட் இருந்தது. அதைத்தான் நான் கேள்வியில் எழுதாமல் விட்டேன், வெட்கமாக இருந்ததால். 61 வயது உறுப்பினர், 5 நாள் தாமதம், விடை பூஜ்யம். அந்த 19 நாளும் பச்சையாகவே, அதாவது தேறியபடியே, இருந்தது. ஏனென்றால் டெஸ்ட், சேய் கிளாஸை நேரடியாக உருவாக்கி, அதன் ஒரு பாராமீட்டர் மெத்தடை நேரடியாக அழைத்தது. உலகத்தில் அந்த மெத்தடை அழைத்துக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அந்த டெஸ்ட்தான்.

நீங்கள் சொன்ன 'கண் களைத்துப்போனது' என்பது சரி. அன்று நான் மாலை ஐந்தரைக்குத் தொடங்கினேன். நல் குறிப்புகளை எங்கள் குழுவில் நானும் கேட்பதில்லை. காரணம் கொள்கை ஒன்றும் இல்லை, சோம்பல்.

நள்ளிரவு பில்டு

அக்கா, இதை மனிதர் கையிலிருந்து எடுத்துவிடுவதற்கான வழியைச் சொல்கிறேன். இரண்டு இடத்தில் செய்திருக்கிறேன், ஒரு இடத்தில் அசிங்கமாகவும் செய்திருக்கிறேன்.

ஜாவா கம்பைலரிடமே 'ஓவர்ரைடு விடுபட்டால் எச்சரி' என்று சொல்ல முடியாது. அதன் லின்ட் (எச்சரிக்கை) பட்டியலில் 'ஓவர்ரைட்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வேறு வேலை பார்க்கிறது. கூகுள் வெளியிட்ட எரர் ப்ரோன் என்ற பிழை தேடும் கருவி, கம்பைலரோடு சேர்ந்து ஓடும். அதில் 'மிஸ்ஸிங் ஓவர்ரைடு' என்ற சோதனை இயல்பாகவே எச்சரிக்கை நிலையில் இருக்கிறது. அதைப் பிழை நிலைக்கு உயர்த்திவிட்டால் பில்டு உடையும். பிஎம்டி என்ற சோதனைக் கருவியிலும் இதே பெயரில் விதி இருக்கிறது. செக்ஸ்டைல் என்ற கருவியிலும் இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். அது ஜாவாடாக் என்ற விளக்கக் குறிப்பில் 'இன்ஹெரிட் டாக்' என்று எழுதியிருக்கும் மெத்தட்களை மட்டுமே பார்க்கும். அதை இணைத்துவிட்டு இரண்டு மாதம் 'எங்கள் நிரலில் ஒன்றுகூட விடுபடவில்லை' என்று மேலாளரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

பழைய நிரலுக்கு ஒரே தடவையில் எல்லா இடத்திலும் சேர்த்துவிடுங்கள். எக்லிப்ஸின் கிளீன் அப், இன்டெல்லிஜேயின் இன்ஸ்பெக்‌ஷன், எரர் ப்ரோனின் ஒட்டுப்போடும் வசதி, எதுவானாலும் சரி. ஆனால் அந்தக் கமிட்டில் (பதிவு செய்யும் மாற்றத்தில்) வேறு ஒரு காற்புள்ளியும் சேரக்கூடாது. நான் அசிங்கமாகச் செய்த இடத்தில் கூடவே இம்போர்ட் வரிசையையும் மாற்றிவிட்டேன், அப்புறம் அதைத் திருப்பி எடுக்க நேர்ந்தபோது எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

'எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கிட் பிளேமில் எல்லா வரிக்கும் இனிமேல் உங்கள் பெயர்தானே வரும்' என்று யாராவது மறுப்பார்கள். 2019இல் வந்த கிட் 2.23 முதல், இன்னின்ன கமிட்டைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். கிட்ஹப்பும் அந்தக் கோப்பை மதிக்கிறது. ஒரு வரி வேலை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், மேலே இருவரும் இதைச் சொல்லவில்லை. கருவி எங்கே ஓவர்ரைடைச் சேர்க்கும்? இன்றைய தேதியில் உண்மையிலேயே தாயோடு பொருந்துகிற மெத்தட்களுக்கு மட்டும். உங்கள் மூத்தோர் சலுகை மாதிரி ஏற்கெனவே உறவு அறுந்த மெத்தட் இருந்தால், கருவியின் கண்ணுக்கு அது சாதாரணப் புது மெத்தட்தான். தொடாமல் தாண்டிப் போய்விடும். எல்லாம் பச்சையாகும், நீங்களும் நிம்மதியாகத் தூங்குவீர்கள், அநாதைகள் அங்கேயே கிடக்கும்.

எனவே மொத்தமாகச் சேர்த்த மறுநாள், சேர்க்கப்படாமல் மிஞ்சிய மெத்தட்களின் பட்டியலை எடுங்கள். சேய் கிளாஸில் இருந்து, பிரைவேட்டாக (அந்தக் கிளாஸுக்குள் மட்டும் பயன்படுவதாக) இல்லாமல், டெஸ்ட்டைத் தவிர வேறு எங்கிருந்தும் அழைக்கப்படாதவை. அதை எந்தக் கருவியிடமும் கொடுக்காதீர்கள். விதி தெரிந்த ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். தேதி ஒப்பீட்டில் போகாத உங்கள் கண்ணை அங்கே செலவழியுங்கள்.

பழைய கம்பைலர்

நள்ளிரவு பில்டு சொல்வது சரி. நான் வரலாறு பேசிக்கொண்டே இதைக் கோட்டை விட்டேன். சந்தேகப் பிராணிக்கும் ஒன்று: கருவி கேட்கட்டும் என்கிறீர்கள், ஆனால் கருவியை இணைக்க ஒரு மனிதர் பிடிவாதமாக இருக்க வேண்டும். அந்தப் பிடிவாதம் அக்காவிடம் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது.

சந்தேகப் பிராணி

ஒப்புக்கொள்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள், இது ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும்.

வடவள்ளிக்காரி (மூன்று வாரம் கழித்து)

நடந்ததை எழுதிவிடுகிறேன், கேட்டுவிட்டு ஓடிப்போனவள் என்று பெயர் வேண்டாம்.

எரர் ப்ரோனை இணைக்க ஒன்றரை நாள் ஆனது. 9 ரெப்பாசிட்டரிகளில் இரண்டு இன்னும் பழைய ஜாவாவில் இருந்ததால் அவற்றுக்கு மட்டும் பிஎம்டி. மொத்தம் 1,317 இடங்களில் ஓவர்ரைடு சேர்ந்தது. நானே எழுதிய கிளாஸ்களில் மட்டும் 400க்கு மேல். விம் தம்பி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். அதுவே போதும் எனக்கு.

இனிமேல் ரிவ்யூவில் ஓவர்ரைடு பற்றி நான் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. முதல் வாரம் கை துறுதுறுத்தது. அதற்குப் பதிலாகத் தேதி வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, கெடு நாள், அதற்கு முந்தைய நாள், அடுத்த நாள் என்று மூன்றையும் தாளில் எழுதிப் பார்க்கிறேன். கருத்துகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது; ஒவ்வொன்றுக்கும் நடக்கும் வாக்குவாதம் கூடிவிட்டது.

பிறகு மிஞ்சியவை. பட்டியல் எடுக்கத் தம்பியே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். 74 மெத்தட்கள். 'நானே பார்க்கிறேன்' என்றார். 'விதி உனக்கு முழுதாகத் தெரியாது' என்றேன். கடைசியில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பிற்பகலும் எத்தனையோ டீயும் செலவழித்துப் படித்தோம். பெரும்பாலானவை உண்மையிலேயே சேய் கிளாஸின் சொந்த மெத்தட்கள், ரிஃப்ளெக்‌ஷன் வழியாக (நிரல் ஓடும்போது பெயரைத் தேடி) அழைக்கப்படுபவை. இரண்டு மட்டும் அநாதைகள்.

ஒன்று பதிவுக் கோப்பில் தேதியை அழகாக அச்சிட எழுதியது. அழித்தோம்.

மற்றொன்று ஒரு கல்லூரி நூலகத்துக்கானது. கெடு நாள் விடுமுறையில் விழுந்தால், அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்ட விதி. நிரலில் இருக்கிறது. டெஸ்ட்டும் இருக்கிறது, வழக்கம்போல் பச்சை. கிட்டின் வரலாற்றைத் தோண்டினால், 2018 ஆகஸ்ட்டில் பொது ஜாரில் அந்த மெத்தடின் பெயர் ஒருமையிலிருந்து பன்மைக்கு மாறியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கெடு விழுந்த ஒவ்வொரு மாணவரும், திங்கட்கிழமை காலை நூலகம் திறந்தவுடன் ஓடி வந்து கொடுத்திருந்தாலும், ஒரு நாள் கட்டணம் கட்டியிருக்கிறார். ஒரு ரூபாய். யாரும் புகார் கொடுக்கவில்லை. மாணவர்கள் அதுதான் விதி என்று நினைத்துக்கொண்டார்கள். கவுண்டரில் இருப்பவர்களும் அப்படியே நினைக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறேன்; 2018க்குப் பிறகு அங்கே இரண்டு நூலகர்கள் மாறிவிட்டார்கள். ரசீதோடு வந்து நிற்க அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் யாரும் இல்லை.

தம்பி அந்த மெத்தடின் மேல் கர்சரை வைத்துக்கொண்டு, "ஓவர்ரைடு போட்டுவிடட்டுமா அக்கா?" என்றார். போட்டால் பில்டு உடையும். பெயரில் எஸ் சேர்த்தால் பில்டு சரியாகும், நாளை முதல் அந்தக் கல்லூரியில் கட்டணம் மாறும். கவுண்டரில் இருப்பவர் மென்பொருள் பழுதாகிவிட்டது என்று நமக்கே தொலைபேசி செய்வார். அதனால் முதலில் கல்லூரிக்குக் கடிதம் போக வேண்டும் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கடிதத்தை மூன்று முறை எழுதிவிட்டேன். முதல் இரண்டிலும் ஜாவா வந்துவிட்டது. மூன்றாவதில் தொகைக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தம்பி 2018 ஆகஸ்ட்டிலிருந்து விடுமுறைகளையும் திரும்பி வந்த நூல்களையும் ஒப்பிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். நேற்று மாலை வரை 2021 முடிந்திருக்கிறது.